நன்னடத்தைக் கையெழுத்தும் இரண்டாவது வழக்கும்

முதல் திருட்டு வழக்கில் நீதிமன்றம் இரக்கப்பட்டு நன்னடத்தைப் பிணையில் விட்டனுப்பிய பிள்ளை, அந்தப் பிணைக் காலம் முடிவதற்குள் இன்னொரு திருட்டு வழக்கிலோ பண மோசடி வழக்கிலோ சிக்கினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே நம் ஊர்களில் பல தாய் தகப்பன்மார் இருக்கிறார்கள். பையனுக்கும் தெரியாது. "கேஸ் முடிஞ்சுட்டு, கையெழுத்துப் போட்டு வந்துட்டான்" என்றுதான் வீட்டில் பேச்சு. கேஸ் முடியவில்லை. மூன்று ஆண்டு வரைக்கும் அது அவன் தலைக்கு மேலேயே நிற்கிறது. இரண்டாவது வழக்கு ஒன்று வந்து விழுந்தால் பழையதும் புதியதும் சேர்ந்து அவனைச் சிறைக்குள் தள்ளும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய குற்றவியல் சட்டங்கள் இந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கியிருக்கின்றன. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் இளவட்டங்களை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும், இங்குள்ள நீதிமன்றங்களும், அரசும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய நேரம் இது.

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டைதான் நினைவுக்கு வரும். 1974ல் எழுப்பிய நினைவுக் கோட்டையையும் வீரசக்கதேவி கோயில் திருவிழாவையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கோட்டையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் மானாவாரிக் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிற மண். மழை தப்பினால் ஒரு வருசம் போச்சு. மழை பெய்தாலும் படைப்புழு விழுந்தால் போச்சு. காட்டு வேலை இல்லாத மாதங்களில் தாங்கிப் பிடித்தவை தீப்பெட்டி ஆபீஸ்கள். அவையும் பிளாஸ்டிக் லைட்டரால் அடிவாங்கி, இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023ல் மத்திய அரசு தடை போடும் அளவுக்கு நிலைமை போனது. படித்துவிட்டு வேலை இல்லாமல் பேருந்து நிறுத்தத்தில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பையன்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். வறுமை திருட்டுக்கு நியாயம் ஆகாது. இதே வறுமையில் ஆயிரம் பிள்ளைகள் உழைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் சட்டம் யார் மேல் வந்து விழுகிறது என்பதைப் பேசும்போது இந்த மண்ணை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இங்கே நடக்கும் திருட்டு எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆடு திருட்டு. ராத்திரி மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள். கொட்டடியில் கட்டிக் கிடக்கும் வெள்ளாட்டின் வாயைத் துணியால் கட்டி, இருவருக்கும் நடுவில் அமுக்கி உட்கார வைத்து, விடிவதற்குள் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவார்கள். ஆடு கசாப்புக்குப் போய்விட்டால் அடையாளமே இல்லை. பறிகொடுத்தவருக்கு அது நாலு கால் பிராணி மட்டும் இல்லை. மகளுடைய கல்லூரிக் கட்டணம் அது. சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று நகையைத் திருப்பலாம் என்று வைத்திருந்த கணக்கு அது. காலையில் கொட்டடியில் அறுந்த கயிற்றைப் பார்த்து நிற்கும் அந்த அம்மாளின் வயிற்றெரிச்சலை எந்தச் சட்டப் பிரிவும் அளக்காது. இதுபோகக் காற்றாலைகளில் காப்பர் வயர், கிணற்று மோட்டார், சாலையோரம் நிறுத்திய வண்டி. பறிகொடுத்தவர்களின் பக்கம் நிற்காத யாருக்கும் இந்தப் பேச்சைப் பேச உரிமை இல்லை என்றே நினைக்கிறோம்.

இப்போது ஒருவனை எண்ணிப் பாருங்கள். வயது இருபது. சேக்காளிகளோடு சேர்ந்து ஓர் ஆட்டைத் திருடி மாட்டிக்கொண்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டான், அல்லது விசாரணையில் நிரூபணமானது. அவனைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவதற்கு நம் நாட்டில் நல்ல சட்டம் ஒன்று இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். திருட்டு, வீட்டுக்குள் திருட்டு, முதலாளியிடம் திருட்டு, ஏமாற்றுதல் ஆகிய குற்றங்களைப் பழைய தண்டனைச் சட்டத்தின் 379, 380, 381, 420 என்று எண் போட்டே சொல்லி, முதல் தடவையாக இருந்தால் கண்டித்து விட்டுவிடலாம் என்கிறது அதன் 3ஆம் பிரிவு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாத குற்றம் எதுவானாலும், மூன்று ஆண்டு வரைக்கும் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம் என்கிறது 4ஆம் பிரிவு. இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் சிறைதான் வேண்டும் என்பதற்கு நீதிபதி காரணம் எழுத வேண்டும் என்பது 6ஆம் பிரிவு. அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் வேண்டும். இந்த வயதினருக்குச் சட்டத்தின் பயன் சாதாரணமாகக் கிடைத்தாக வேண்டும் என்று 1982ல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நமக்கு இது புதிதும் இல்லை. மத்திய சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே சென்னை மாகாணம் இதற்கென்று தனிச் சட்டம் போட்டிருந்தது.

நம் பையனும் இந்தச் சட்டத்தில் வெளியே வருகிறான். இரண்டு பேர் ஜாமீன். பத்திரத்தில் கையெழுத்து. நீதிமன்றத்தில் அன்றைக்கு நூறு வழக்குகள். எழுத்தர் காட்டிய இடத்தில் போட்டுவிட்டு, வாசலில் நிற்கும் அம்மாவோடு பேருந்து ஏறிவிடுகிறான். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஒழுங்காக நடப்பேன், குற்றம் செய்ய மாட்டேன், தவறினால் நீதிமன்றம் அழைக்கும்போது வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்வேன். கடைசி வரிதான் உயிர். தண்டனை ரத்தாகவில்லை, தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. இதை அவனை உட்கார வைத்து அவன் பேசுகிற தமிழில் யாராவது எடுத்துச் சொன்னார்களா?

சட்டம் எழுதியவர்கள் இப்படி நினைக்கவில்லை. நன்னடத்தை அலுவலர் என்று ஒருவரை அவர்கள் படைத்தார்கள். 14ஆம் பிரிவைப் படித்தால் மனசு நிறையும். அலுவலர் அந்தப் பையனின் வீட்டுச் சூழலை விசாரிக்க வேண்டும், அவனைக் கண்காணிக்க வேண்டும், தேவைப்பட்டால் பொருத்தமான வேலை தேடிக் கொடுக்க முயல வேண்டும், பறிகொடுத்தவருக்கு நீதிமன்றம் விதித்த இழப்பீட்டை அவன் கட்டுவதற்கு உதவ வேண்டும். இந்த யோசனையின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1841ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணி செய்யும் தொழிலாளி நீதிமன்றத்துக்குப் போய், குடிகாரன் என்று நிறுத்தப்பட்டிருந்த ஒருவனைத் தன் பொறுப்பில் விடச் சொல்லிக் கேட்டார். மூன்று வாரம் கழித்து அவனைத் திருந்திய மனிதனாகத் திரும்பக் கூட்டி வந்தார். 1859ல் சாகும்வரை கிட்டத்தட்ட 2,000 பேரை இப்படிப் பொறுப்பேற்றார். பலருக்கு வேலை தேடிக் கொடுத்தார், தங்க இடம் பார்த்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடவில்லை.

நம் சட்டத்தில் இருக்கும் ஓட்டை 4ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பிணையில் விடும்போது அலுவலரின் மேற்பார்வையில் வைக்கும் உத்தரவை நீதிமன்றம் போடலாம் என்றுதான் இருக்கிறது, போட வேண்டும் என்று இல்லை. மேற்பார்வை உத்தரவு போட்டால் அதன் நிபந்தனைகளை நீதிபதியே விளக்கிச் சொல்லி, நகலையும் கையில் கொடுக்க வேண்டும். போடாவிட்டால் அந்தக் கடமையும் இல்லை. வெறும் பத்திரத்தோடு வெளியே வருகிறவனை அடுத்த மூன்று ஆண்டும் திரும்பிப் பார்க்க எவருமில்லை. தமிழ்நாட்டில் நன்னடத்தை அலுவலர்கள் சிறைத் துறையின் கீழ் வருகிறார்கள். அந்தத் துறையின் கவலையெல்லாம் மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் மேல்தான் போகும், அது இயல்பு. கோவில்பட்டி நடுவர் நீதிமன்றம் விட்டனுப்பிய பையனை அவன் ஊருக்கே போய் மாதம் ஒருமுறை பார்த்து, "என்னப்பா, வேலைக்குப் போறியா, யாரோட சுத்துற?" என்று கேட்பது யார்? விதைத்துவிட்டுக் களையெடுக்கவும் போகாமல், மருந்தடிக்கவும் போகாமல், அறுப்பு நாளில் மட்டும் அரிவாளோடு வந்து நிற்கிற சம்சாரியைப் போல நடந்துகொள்கிறது அரசு.

அந்த மூன்று ஆண்டுக்குள்தான் இரண்டாவது வலை விரிகிறது. இதில் ஆடும் இல்லை, கயிறும் இல்லை. "மாப்ளே, ஒரு அக்கவுண்ட் வேணும். சும்மாதான் கிடக்கு உன்னுது. ரெண்டு மாசம் குடு, வர்ற பணத்துல கமிசன்." பாஸ்புக், ஏடிஎம் அட்டை, காசோலைப் புத்தகம், அந்தக் கணக்கோடு இணைத்த சிம் கார்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தால் போதும். கணக்கில்லாதவனுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. எங்கோ ஓர் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை மிரட்டியோ, பங்குச் சந்தை ஆசை காட்டியோ பறித்த பணம் இந்தப் பையனின் கணக்கில் வந்து விழுந்து, சில நிமிடங்களில் அடுத்த கணக்குக்குப் போய்விடும். மோசடிக் கும்பலின் தலைவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று தெரியாது. வங்கிக் கணக்கில் பெயர், ஆதார், புகைப்படம், ஊர் எல்லாம் இவனுடையது. போலீஸ் முதலில் வந்து நிற்பது இவன் வீட்டு வாசலில்தான். 2024ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடியில் இந்தியர்கள் பறிகொடுத்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இவ்வளவு பணமும் யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இப்படிக் கணக்கை வாடகைக்கு விடுபவர்களைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் தனி மென்பொருளே செய்திருக்கிறது.

கணக்கைக் கொடுத்தவன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வான். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேர்ந்தால் மூன்று ஆண்டு. புகார் கொடுத்தவர் வேறு மாநிலத்துக்காரர் என்றால் அங்கிருந்தே போலீஸ் வந்து கூட்டிப் போகும். பாஷை தெரியாத ஊரில் வக்கீல் தேடி அவனுடைய தாய் எங்கே போவாள்?

நன்னடத்தைப் பிணையில் இருப்பவன் இப்படிச் சிக்கினால் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் சாத்தப்படுகின்றன. முதலாவது, பழைய வழக்கு. நன்னடத்தைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, நிபந்தனையை மீறினான் என்று நம்பக் காரணம் இருந்தால் விடுவித்த நீதிமன்றமே வாரண்ட் போடலாம், விசாரணை முடியும்வரை காவலிலும் வைக்கலாம், கடைசியில் அந்தப் பழைய ஆட்டுக்கான தண்டனையை இப்போது விதிக்கலாம். இரண்டாவது, மறுபடியும் திருட்டு என்றால் புதிய சட்டத்தின் 303(2)ஆம் பிரிவு. முதல் தடவை, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருள், அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவையோடு விட்டுவிடும் அதே பிரிவு, இரண்டாவது தடவை குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது. குறைந்தபட்சம் ஓராண்டு என்று சட்டமே எழுதிவிட்ட பிறகு நீதிபதியின் இரக்கத்துக்கு இடம் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது கதவைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. அதுதான் நம்மை அதிகம் கலங்க வைக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவைப் பெரிய சீர்திருத்தம் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். விசாரணைக் கைதியாக, அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீன். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழித்தாலே வெளியே வரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த உட்பிரிவைப் படியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றத்திலோ பல வழக்குகளிலோ விசாரணை நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. திருட்டு ஒன்று, மோசடி ஒன்று என்று இரண்டு குற்றச்சாட்டு இருந்தாலே அது "ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம்" ஆகிவிடக்கூடும். நன்னடத்தையில் விடப்பட்டவன் முதல்முறைக் குற்றவாளி என்ற தகுதியையும் ஏற்கெனவே இழந்து நிற்கிறான். நன்னடத்தையில் விடுவிப்பது குற்றவாளி என்ற தீர்ப்பை அழித்துவிடாது என்று தென்னக ரயில்வே ஊழியர் சம்பந்தப்பட்ட வழக்கில் 1975லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, சின்ன வழக்குகள் இரண்டு வைத்திருக்கும் ஏழைப் பையன், பெரிய வழக்கு ஒன்று மட்டும் வைத்திருப்பவனைவிட அதிக நாள் கம்பி எண்ணலாம். இந்த உட்பிரிவை நாடாளுமன்றம் திருத்தியே ஆக வேண்டும். சில்லறைத் திருட்டு வழக்குகளுக்காவது விலக்குக் கொடுக்க வேண்டும்.

இதில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. ஊரில் எது களவு போனாலும் போலீஸ் முதலில் தேடுவது ஏற்கெனவே வழக்கு உள்ளவனைத்தான். பிணையில் இருக்கும் பையன் மீது எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டாலே அவன் நிபந்தனையை மீறிவிட்டான் என்று எடுத்துக்கொள்வது பெரிய அநியாயம். 9ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. நீதிமன்றம் அவனைக் கேட்க வேண்டும், மீறினான் என்று திருப்தி அடைய வேண்டும். முதல் தடவை மீறல் என்றால் பிணையைத் தொடரவிட்டு அபராதம் மட்டும் போடவும் வழி வைத்திருக்கிறது. அந்த அபராதத்தின் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? ஐம்பது ரூபாய். 1958ல் எழுதிய தொகை, இன்னும் மாறவில்லை. தொகை இன்று அற்பமாகத் தெரியலாம். எடுத்த எடுப்பில் சிறைக்கு அனுப்பாதே, இன்னொரு வாய்ப்புக் கொடு என்ற எண்ணம் அதில் இருக்கிறது, அது அற்பமானது இல்லை. எத்தனை வக்கீல்கள் இந்த வழியைக் கேட்டு வாதாடுகிறார்கள்?

அமெரிக்காவில் மீக் மில் என்ற ராப் பாடகருக்கு நடந்தது நமக்கு எச்சரிக்கை. 2008ல் தீர்ப்பான பழைய வழக்கின் நன்னடத்தைக் காலம் நீண்டுகொண்டே போனது. 2017ல் சில்லறைக் குற்றச்சாட்டுகள் இரண்டு வந்தன, அவற்றில் அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஆனாலும் நன்னடத்தையை மீறினார் என்று இரண்டு முதல் நான்கு ஆண்டு சிறை விதித்தார் நீதிபதி. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, 2018 ஏப்ரலில் வெளியே வந்தார். 2023 டிசம்பரில் பென்சில்வேனியா மாநிலம் நன்னடத்தைச் சட்டத்தையே திருத்தியது. பாடகருக்காகக் கூட்டம் கூடியது. நம் ஊர்ப் பையனுக்கு யார் கூடுவார்?

நீதிமன்றப் பிணையோடு இங்கே இன்னொரு பிணையும் நடமாடுகிறது. ஸ்டேஷனில் "நூத்திப்பத்து போட்டிருக்கு" என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129. வழக்கமாகத் திருடுபவர், மோசடி செய்பவர் என்று போலீஸ் கருதுபவரை நிர்வாக நடுவர் முன் நிறுத்தி, மூன்று ஆண்டு வரைக்கும் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்குவது. மீறினால் பிணைக் காலத்தில் மிச்சம் உள்ள அத்தனை நாளும் சிறை. புதிய குற்றம் நிரூபணமாகி அதற்குத் தண்டனை கிடைக்கும் முன்பே ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிடுவார். காவல் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்த அரசாணைகளை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. பிடிப்பவரே தண்டிப்பவராகவும் இருக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். பிணை மீறலுக்குச் சிறை என்றால் நீதித்துறை நடுவர் விசாரித்தே சொல்ல வேண்டும் என்றும் அந்த அமர்வு சொன்னது.

இந்த வகைப் பிணையின் பழைய முகம் பாஞ்சாலங்குறிச்சி வட்டாரத்துக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் மீது 1908 மார்ச்சில் கலெக்டர் விஞ்ச் முதலில் பாய்ச்சியது இந்த நன்னடத்தைப் பிணைப் பிரிவுகளைத்தான். ராஜதுரோக வழக்கு அதன் பிறகே வந்தது. பாளையக்காரர்களை ஒழித்த கையோடு ஊர்க்காவல் உரிமையையும் கும்பினியார் பறித்தார்கள். காவல் காத்தவர்களின் வாரிசுகளை நூறு ஆண்டு கழித்துக் குற்றப் பரம்பரை என்று எழுதி, ஸ்டேஷனில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் வேகமெடுத்த அந்தச் சட்டம் 1947ல் ஒழிந்தது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அத்தகைய சட்டங்கள் இன்னும் தேவையா என்று அரசுகள் யோசிக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் 3ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கேட்டிருக்கிறது.

அதே தீர்ப்பில் பாளையங்கோட்டை மத்திய சிறையின் பெயரும் வருகிறது. சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததைப் பேசும் இடத்தில். சாதிப் பிரிவினைக்கு இடம் கொடுத்த சிறை விதிகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். விதியை அடித்துவிட்டாலும் மனசுக்குள் இருப்பதை அடித்துவிட முடியுமா? 2021 ஏப்ரலில் கிளைச் சிறையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்ட விசாரணைக் கைதியான இளைஞர் ஒருவர் போன அன்றே சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், சாத்தான்குளத்தில் ஊரடங்கில் அனுமதித்த நேரத்துக்குப் பிறகும் கடை திறந்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் அடிபட்டு, நம் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டு, அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அவர்கள் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ரிமாண்ட் என்பது வெறும் கையெழுத்து ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் அன்று பார்த்தது. நாட்டின் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூவர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். ஆடு திருடிய பையன் அவர்களோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தால் எதைக் கற்றுக்கொண்டு வருவான்?

"திரும்பத் திரும்பத் திருடுகிறவனுக்கு இவ்வளவு பரிந்து பேச வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டைப் பறிகொடுத்த அம்மாள் கேட்டால் அந்தக் கேள்விக்கு நாம் தலை குனிந்துதான் பதில் சொல்ல முடியும். பிணையை ஏளனமாக நினைத்து, தெரிந்தே மறுபடியும் திருடுகிறவனுக்குச் சிறை வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவன் சிறைக்குப் போவதால் அந்த அம்மாளுக்கு ஆடு திரும்பி வந்துவிடுகிறதா? நன்னடத்தைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு பிணையில் விடும்போதே இழப்பீடு கட்டச் சொல்லி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த உத்தரவை ஒவ்வொரு திருட்டு வழக்கிலும் போட்டு, பையன் வேலைக்குப் போய் மாதாமாதம் கட்டுகிறானா என்று அலுவலர் பார்த்தால், பறிகொடுத்தவருக்கும் ஒரு வழி பிறக்கும், அவனுக்கும் தான் செய்தது இன்னதென்று உறைக்கும். சிறையில் போட்டால் இரண்டும் நடக்காது.

அரசு உடனே செய்யக்கூடியவை உண்டு. நடுவர் நீதிமன்றம் உள்ள ஒவ்வோர் ஊரிலும் நன்னடத்தை அலுவலர் ஒருவர் வாரத்தில் சில நாளாவது உட்கார வேண்டும். அவருக்கு வண்டியும் பயணப்படியும் வேண்டும். கரிசல் காட்டு ஊர்களுக்குக் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று வரும் பேருந்தை நம்பி மேற்பார்வை செய்ய முடியாது. இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை மேற்பார்வை உத்தரவு இல்லாமல் பிணையில் விடுவதில்லை என்று நீதிமன்றங்கள் வழக்கம் வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, உயர் நீதிமன்றத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். பத்திரத்தின் நிபந்தனைகளைத் தமிழில், பேச்சு வழக்கில், பையனுக்கும் ஜாமீன்தாரருக்கும் படித்துக் காட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு ஓர் ஆளை நிறுத்தலாம். அந்த நிபந்தனைகளோடு ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும்: உன் வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் எவனுக்கும் கொடுக்காதே. இதே வரியைக் கோவில்பட்டி பாலிடெக்னிக் மாணவனுக்கும் எட்டயபுரம் சந்தைக்கு வரும் இளவட்டத்துக்கும் நூறு நாள் வேலைக்குக் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கும் சொல்லியாக வேண்டும். நன்றாக நடந்துகொள்கிறவனின் பிணையை முன்கூட்டியே முடித்து விடுவிக்க 8ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதையும் பயன்படுத்த வேண்டும். ஒழுங்காக இருந்தால் சீக்கிரம் விடுதலை என்று தெரிந்தால் இருபது வயதுப் பையன் அதற்காகவே ஒழுங்காக இருப்பான்.

இப்போதே பிணையில் இருப்பவர்களின் வீட்டாருக்கும் நேராகச் சில வார்த்தைகள். பத்திர நகல் கையில் இல்லை என்றால் நாளைக்கே வக்கீலைப் பார்த்து மனு போட்டு வாங்குங்கள். அது எந்தத் தேதியில் முடிகிறது என்று குறித்து வையுங்கள். கணக்கை யாருக்காவது கொடுத்திருந்தால், பயந்து மூடி மறைக்காமல், வங்கிக்கு எழுதிக் கொடுத்து முடக்கச் சொல்லுங்கள், 1930 எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். தானாக வந்து சொன்னவனுக்கும் தேடிப் பிடிக்கப்பட்டவனுக்கும் நீதிமன்றத்தில் வித்தியாசம் உண்டு. பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள் என்றால் ரிமாண்டுக்கு நிறுத்தும் முதல் நிமிடத்திலேயே, இவன் இன்ன நீதிமன்றத்தின் நன்னடத்தைப் பிணையில் இருக்கிறான், மீறல் இன்னும் நிரூபணமாகவில்லை, 9ஆம் பிரிவுப்படி விசாரணை வேண்டும் என்று வக்கீல் மூலம் பதிவு செய்யச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச வக்கீல் கேட்கலாம், தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவிலும் மனுக் கொடுக்கலாம்.